சுறாப் புட்டும் சீசியமும்

புலாவ் செபாங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பிறந்து ஐந்து நாளாகியும் பால் போதவில்லை. அப்போதுதான் கடலோரத்து மஸ்ஜித் தானாவிலிருந்து சம்பந்தியம்மா பை நிறையச் சின்னச் சுறாக்களோடு காரில் வந்து இறங்கினார். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு கொடுத்தால் பால் ஊறும் என்பது எங்கள் வீடுகளில் எழுதாத சட்டம்.

நான் கூடாது என்றுவிட்டேன். குருபோங்கில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் மீனை அறுத்துச் சதை வேறு, முள் வேறாகப் பிரித்துக் கொடுப்பதுதான் என் வேலை. எங்கோ தூரத்துத் தீவுகளில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த கதையை அங்கேதான் படித்தேன். பவளப்பாறை மீன்களின் சதையில் கதிர்வீச்சுள்ள சீசியம் போய் உட்கார்ந்துகொண்டதாம். இந்தச் சுறாவும் பாறை இடுக்கில் திரிவதுதானே? அரைகுறைப் படிப்பு ஆளைச் சும்மா இருக்க விடாது.

“அந்தத் தீவு எங்க, நம்ம கடல் எங்க? பிள்ளை பசியில கத்துதும்மா” என்றார் சம்பந்தியம்மா.

“டெஸ்ட் பண்ணிட்டுக் குடுப்போம் லா. ரெண்டே நாள்தான்.”

மகள் பால்மாவுப் புட்டியைக் கையில் எடுத்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மேலதிகாரியிடம் கெஞ்சி அனுமதி வாங்கினேன். என்னைவிட வயதில் சின்னவர், நம் தமிழ்ப் பெண்தான். நேரம் மிச்சமாகட்டும் என்று வீட்டிலேயே சதையைப் பிரித்து எடுத்துப்போனேன். டப்பாவைத் திறந்தவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“அக்கா, நான் சாம்பிள் கேட்டேன். நீங்க குழம்புக்குத் தயார் பண்ணிக் கொண்டாந்திருக்கீங்க.”

மஞ்சளும் உப்பும் போட்டுப் பிசறி அலசியிருந்தேன்; சீசியம் இருந்தாலும் தண்ணீரோடு கரைந்து போயிருக்கும். ஆய்வுக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகச் செய்யாத தப்பை என் வீட்டு அடுப்படி செய்ய வைத்துவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது. ஃப்ரீசரில் இருந்த இன்னொரு சுறாவை மறுநாள் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கருவி ஒரு நாள் முழுக்க ஓடியது. திரையில் ஒரு கோடு மட்டும் உயர்ந்து நின்றது. “இதுதானா அது?” என்றேன்.

“அது பொட்டாசியம்க்கா. இயற்கையாவே கொஞ்சம் கதிர்வீச்சோட எல்லா மீன்லயும் இருக்கும். உங்க உடம்புலயும் இருக்கு, பாப்பா உடம்புலயும் இருக்கு. சீசியம் மெஷினுக்குத் தெரியுற அளவுக்குக்கூட இல்ல. தாராளமா சாப்பிடச் சொல்லுங்க.”

அங்கேயே நின்று சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். “நான்தான் வீணா பயந்துட்டேன். நீங்களே வந்து உங்க கையால செஞ்சு குடுங்க.” அவர் ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டவில்லை. வந்து சுறாவை அவித்து உதிர்த்து, பூண்டும் மிளகும் தூக்கலாகப் போட்டுப் புட்டு கிண்டினார். மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

சுறாவா, மனசு லேசானதா, எது காரணம் என்று கண்டுபிடிக்க எங்கள் கூடத்தில் கருவி இல்லை. மூன்றாம் நாள் குழந்தை தானாகவே மார்பிலிருந்து வாயை எடுத்துவிட்டுத் தூங்கிப்போனது. கடைவாயில் பால் வழிந்தது. துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் போனேன்.

“விடுங்கம்மா, வழியட்டும்” என்றாள் மகள்.