ஓரகத்தியின் லைன் வீடுகள்

என் ஓரகத்தி வாடகை வசூலிக்கப் போகும் நாளில் நான் வாசலில் நிற்கமாட்டேன். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிடுவேன், ஏற்கெனவே தேய்த்து வைத்த பாத்திரமாக இருந்தாலும் சரி. ஆனால் அவள் விடமாட்டாள். முந்தானையில் பணத்தை முடிந்துகொண்டு திரும்பி வரும்போது என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, காப்பி இருக்கா என்று கேட்பாள். போட்டுக் கொடுப்பேன். எத்தனை தடவை வேண்டுமென்றே சர்க்கரையைக் குறைத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தெரியும். ஒரு நாளும் அவள் குறை சொன்னதில்லை. அந்த எரிச்சல் வேறு.

என் கணவரின் அண்ணன் மனைவி அவள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். போடியில் ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்து, அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அவள் வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும், அவ்வளவு நெருக்கம்.

அவள் வாடகை வாங்கும் அந்த லைன் வீடுகள் எனக்கு வந்திருக்க வேண்டியவை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. மாமனார் போன பிறகு சொத்தைப் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கம் மூத்தவர் பங்கு வைப்பார், இளையவர் முதலில் எடுப்பார். பங்கு வைத்தவர் ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக அப்படி ஒரு ஏற்பாடு. மூத்தவரான மச்சான், அக்காவின் கணவர், இரண்டு பங்கு வைத்தார். கொட்டகுடி ஆற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சை ஒன்று. வீட்டுக்குப் பின்னால், மலைக்கு ஏறும் ரோட்டை ஒட்டி, கருவேல முள்ளும் கல்லுமாகக் கிடந்த பொட்டல் இன்னொன்று. ஆடு கட்டுவதற்குக்கூட அதில் யாரும் போகமாட்டார்கள், காலில் முள் ஏறும்.

என் கணவர் ஆரம்பப் பள்ளி வாத்தியார். ஏர் பிடித்து உழுதவர் மச்சான்தான். அதனால் நஞ்சையை அண்ணனுக்கே விட்டுவிடலாம் என்பதுபோல் இவர் தயங்கினார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினேன். இவர் நஞ்சை என்றார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். அன்றைக்கு நான் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அடுத்த வாரம் பழனிசெட்டிபட்டியில் என் தங்கை வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். நஞ்சைதான் நிலம், மற்றதெல்லாம் வெறும் தரை என்று நினைக்கும் ஊரில் பிறந்தவள் நான். வேறு எப்படி எடுப்பேன்?

பிறகு ஏலக்காய்க்கு விலை வந்தது. முன்பும் மலையிலிருந்து காய் போடிக்குத்தான் இறங்கும். ஆனால் எழுபதுகளில் இறங்கியது வேறு மாதிரி. மலைக்கு ஏறும் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போனார்கள். வடக்கேயிருந்து வியாபாரிகள் வந்தார்கள், கூடலூர், குமுளிப் பக்கமிருந்து மலையாளத்து ஏஜெண்டுகள் வந்தார்கள், காய் பொறுக்குவதற்கு வருசநாட்டிலிருந்துகூடப் பெண்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் வேலை இருந்தது. படுக்க இடம்தான் இல்லை. சத்திரத்து வாசலில் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்திருந்த ஒரு கணக்குப்பிள்ளை, மச்சானிடம் வந்து அந்தப் பொட்டலில் ஒரு அறை கட்டித் தந்தால் போதும், அட்வான்சை இப்போதே தருகிறேன் என்றார்.

அந்த அட்வான்சில் முதல் வீடு எழுந்தது. அதன் சுவர் காய்வதற்குள் அடுத்தவர் அட்வான்சோடு வந்து நின்றார். அதில் இரண்டாவது வீடு. இப்படியே ஒருவர் பணத்தில் இன்னொருவருக்கு வீடு கட்டி, பொட்டல் முழுக்க ஓட்டு வீடாக நின்றுவிட்டது. கைக்காசு போட்டாரா மனிதர் என்றால், முள் வெட்டிய கூலி மட்டும்தான். ஊரே ஏலக்காய் மணத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒவ்வொரு வீடு முடியும்போதும் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒன்று வந்து இறங்கும். ரேடியோ வந்தது. டேபிள் பேன் வந்தது. அது சுழலும் சத்தம் என் பக்கம் கேட்கும், காற்று மட்டும் வராது. அக்கா கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி வந்தபோது நான் ஒரு வாரம் என் ஒற்றைச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டேன். கேட்டவர்களிடம் கழுத்தில் வேர்க்குரு என்றேன். எங்கள் நஞ்சையோ, ஒரு வருஷம் புகையான் பூச்சி, ஒரு வருஷம் மடைத் தண்ணீருக்குச் சண்டை, நன்றாக விளைந்த வருஷம் நெல்லுக்கு விலையில்லை. குத்தகைக்காரர் சொல்வதை எல்லாம் நம்பித் தலையாட்டுவார் என் வாத்தியார்.

ஒரு மலையாளத்து ஏஜெண்டின் மனைவி புதிதாகக் குடிவந்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல, தெரியாமல் என் கதவைத் தட்டினாள். வீட்டுக்கார சேச்சி என்றாள். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆள் அனுப்புகிறேன் என்றேன், மச்சான் வீட்டு வேலைக்காரனையே கூப்பிட்டு அனுப்பியும் வைத்தேன். சாக்கடையில் தேங்காய் நார் போடக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சட்டம்கூடப் போட்டேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள், நேந்திரங்காய் வறுவல் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மாதத்தில் நான் தெருவில் நடந்த நடையே தனி. வாடகை நாளில் அக்கா போய்க் கையை நீட்டியதும் குட்டு உடைந்தது. அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைத் தண்ணீர்க் குழாயில் பார்த்தபோது, அப்படியானால் நீங்கள் யார் என்று மட்டும் கேட்டாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று முடிவு செய்தேன், எனக்கு வீடுகள் வேண்டும். நஞ்சையை விற்று எங்காவது இடம் வாங்கலாம் என்று இவரிடம் ஆரம்பித்தேன். இவர் பாடப் புத்தகத்தை எடுத்து விரித்துக்கொள்வார். உண்மையில் எனக்கு வேண்டியது வாடகைகூட இல்லை. இத்தனை வருஷமாக நான் அவளைப் பார்க்கிற பார்வையை, ஒரே ஒரு தடவை அவள் என்னைப் பார்க்க வேண்டும். அவளுக்கு வயிறு எரிய வேண்டும். அது இந்தப் பக்கச் சுவரில் இருந்து எனக்குத் தெரிய வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை ஏமாற்றியது. மலையில் ஏலச்செடி நின்ற இடத்திலேயே காய்ந்தது என்றார்கள். காய் இறங்கவில்லை, பொறுக்குவதற்கு வேலையில்லை. வடக்கத்தி வியாபாரிகள் முதலில் கிளம்பினார்கள், பிறகு ஏஜெண்டுகள், பிறகு பெண்கள். சாயங்காலம் மாடியேறி, எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று. இருட்டு கூடக் கூட எனக்குச் சோறு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், போகிறவர்கள் எல்லாரும் அட்வான்சைத் திருப்பிக் கேட்டார்கள். அது சுவராகவும் ஓடாகவும் நின்றுகொண்டிருந்தது. மச்சான் அலைந்து அலைந்து இளைத்துப்போனார். கூடவே அவர்கள் மகளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது.

கடைசியில் லைன் வீடுகளை விற்கத்தான் வேண்டியிருந்தது. சொத்தை விற்பதென்றால் முதலில் பங்காளியைக் கேட்க வேண்டும், பிறகுதான் வெளியாள். கேட்க மச்சான் வரவில்லை, அக்காதான் வந்தாள். உங்களுக்கு வேண்டாமென்றால் சொல்லிவிடுங்கள், வேறு இடம் பார்க்கிறோம் என்றாள். இவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆளில்லாத வீட்டை வாங்கி என்ன செய்ய, எலிக்கு வாடகைக்கு விடவா என்று கேட்டார். நான் நகையைக் கழற்றித் தரையில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் சேமநிதியில் கடன் போடச் சொன்னேன். போதாததற்கு நஞ்சையில் பாதியைக் கிரயம் பேசச் சொன்னேன். சரி, விலையையாவது குறைத்துக் கேட்போம் என்றார். அதற்கும் விடவில்லை. அவள் சொன்ன விலையை அப்படியே எடுத்து வைத்தால்தான் எனக்குக் கவுரவம் என்று நின்றேன். வாத்தியாருக்கு வேறு வழியில்லை.

பத்திர ஆபீசுக்கு அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். அக்கா வீட்டில் உடுத்துகிற சேலையிலேயே வந்திருந்தாள். மச்சான் கையெழுத்துப் போடும்போது நான் பத்திரத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். கண் கலங்கும், உதட்டைக் கடிப்பாள், தலையையாவது திருப்பிக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் எழுத்தரிடம் அவர் ஊரில் மழை உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சாவிக்கொத்தை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வாய்விட்டே கேட்டேன்.

"ஏங்க்கா, ஒங்களுக்கு மனசு கஷ்டமா இல்லையா?"

"எனக்கென்னத்தா கஷ்டம்? அவுகதான் கட்டணும்னாக, கட்டுனாக. ஓடு ஒழுகுது, கக்கூசு அடச்சிக்கிச்சுன்னு குடியிருக்கவுக விடியுமுன்ன வந்து நிப்பாக. அட்வான்ச எப்படித் திருப்பிக் குடுக்கன்னு இவுக பொலம்புறதுல நான் கண்ணசந்து எத்தன நாளாச்சு. நாளைக்கி வெயில் ஏறுற வரைக்கும் தூங்கணும் எனக்கு."

என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். அந்தத் தட்டலில் பரிதாபம் இருந்ததா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

மறுநாள் காலை சாவிக்கொத்தோடு போய் ஒவ்வொரு வீடாகத் திறந்தேன். ஒன்றில் கரையான், ஒன்றில் ஓடு சரிந்து வெளிச்சம் தரையில் விழுந்தது. எல்லாவற்றிலும் பழைய ஏலக்காய் வாசனை இருந்தது. குடிவர ஆள் யாரும் வாசலில் நிற்கவில்லை. பெருக்கி முடித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. அக்காவின் கதவு இன்னும் சாத்தியிருந்தது. சொன்னபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் தூக்கத்தைப் பார்த்து எனக்கு அப்படி ஒரு பொறாமை வந்தது.