தலைவரைத் தாங்காத டிவிடி

போன வெள்ளிக்கிழமை ஒரு டிவிடி பிளேயர் எங்கள் தலைவரை அவமதித்துவிட்டது.

தலைவர் என்றதும் கொழும்புப் பக்கம் பார்க்காதீர்கள். பலாங்கொடைக்கு மேலே, என் மனைவி பிறந்த தோட்டத்தின் கோயில் கமிட்டித் தலைவர். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. ஓய்வு வேலைக்குத்தான், அதிகாரத்துக்கு இல்லை.

மூன்று மாதத்துக்கு முன் அந்தத் தோட்டத்து அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கட்டட வேலை தொடங்கிய நாளிலிருந்து எடுத்த போட்டோக்களையெல்லாம் சேர்த்து, நாதஸ்வரம் போட்டு, டிவிடியாக அடித்துத் தரும் பொறுப்பு என் மச்சினன் ரவிக்கு. பலாங்கொடை பஸாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். தேர்த் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால், கோயில் மண்டபத்தில் பெரிய டீவி வைத்து முதல் காட்சி. நானும் போயிருந்தேன். ஓசி வடை கிடைக்கும் இடத்துக்கு நான் போகாமல் இருந்ததுண்டா?

முன்வரிசையில் செல்லம்மா அக்கா பாயில் உட்கார்ந்திருந்தார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். கோயில் கட்ட மண் சுமந்த பெண்களில் ஒருவர். லொறி ரோட்டோடு நின்றுவிடும். அதற்கு மேல் கோயில் மேடு வரை தலைச்சுமைதான். அக்காவின் மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அம்மா கோயிலுக்கு மண் சுமந்த படத்தைப் பார்க்க வேண்டும் என்று போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாளாம். பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தி அடுத்த வாரம் குவைத் போகிறாள். அவள் கையில் டிஸ்க்கைக் கொடுத்தனுப்ப வேண்டும். அக்காவுக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

"தம்பி, நம்ம படமெல்லாம் எப்பங்க வரும்?"

"தலைவருக்கு அப்புறம்க்கா" என்றான் ரவி.

காட்சி ஆரம்பமானது. பிள்ளையார் வந்தார். அம்மன் வந்தாள். கோபுரம் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் தலைவர்.

தலைவர் சும்மா வரலாமா? தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் சுற்ற வேண்டும். மேலிருந்து பூ கொட்ட வேண்டும். முகம் தூரத்தில் ஆரம்பித்து, வளர்ந்து வளர்ந்து டீவி முழுக்க நிறைய வேண்டும்... இதைச் சொல்வதற்கென்றே பஸ் ஏறி ஸ்டூடியோவுக்கு வந்து போனாராம்.

வந்தார். மூக்கு வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றார். பூ அந்தரத்தில் தொங்கியது. ஒளிவட்டம் துள்ளியது. நாதஸ்வரத்துக்கு விக்கல் எடுத்தது. அப்புறம் ஒரே வெட்டு — அவரைத் தாண்டிக் குதித்து, பொருளாளர் ராசையாவின் படத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. ராசையா எந்த அலங்காரமும் கேட்காதவர். கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் சாதாரண போட்டோ. டிவிடி அதை விட்டு நகர மறுத்துவிட்டது.

தலைவர் மேக்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் டிவிஷன். ராசையா கீழ்க்கணக்கு. இரண்டுக்கும் அம்மன் ஒன்று, கமிட்டி ஒன்று. மனசுதான் ஒன்றில்லை. கீழ்க்கணக்குப் பக்கமிருந்து விசில் பறந்தது. கைதட்டல் வேறு.

தலைவர் எழுந்தார். "இது வேணும்னே செஞ்ச வேல!"

"இல்லீங்க தலைவரே, டிஸ்க்கு சிக்குது..." என்றான் ரவி.

"எனக்கு மட்டும் சிக்குதாக்கும்? ராசையாகிட்ட மட்டும் நல்லா குந்திக்கிட்டு இருக்கு! நாளன்னிக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி தேரு கீழ்க்கணக்குக்கு எறங்காது. சொல்லிட்டேன்."

பிளேயர் விக்கியதற்கு அம்மனின் ரூட்டை மாற்றுகிற ஆட்களை நீங்கள் வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

உடனே வைத்தியம் தொடங்கியது. டிஸ்க் சிக்கினால் நம்மில் எல்லோரும் டாக்டர்கள்தான். ஒருவர் வாயால் ஊதினார். ஒருவர் வேட்டி நுனியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார். இன்னொருவர் பற்பசை போடச் சொன்னார். பூசாரி தன் பங்குக்குக் கற்பூரம் காட்டட்டுமா என்று கேட்டார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும் என்று ரவி கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. ராசையா மட்டும் ரொம்ப அடக்கமாக, "அப்புடியே இருக்கட்டுமேங்க" என்றார்.

சனிக்கிழமை ஸ்டூடியோவில் நிஜமான வைத்தியம். முதலில் பிளேயரை, பஸாரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுனிலிடம் காட்டினோம். "பிளேயர் எக்க ஹொந்தய், மல்லி" என்று சிங்களத்தில் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். நல்ல பிளேயர்தான், குற்றம் எங்கள் டிஸ்க்கில். சரி, அவசரத்தில் ஆக வேகமாக அடித்ததால் இருக்கும் என்று, நல்ல டிஸ்க்காக வாங்கி, வேகத்தைக் குறைத்து மறுபடி அடித்தான் ரவி. இந்த முறை தலைவர் மூக்கைத் தாண்டி மீசை வரை வந்து நின்றார். முன்னேற்றம்தான்.

அதற்குள் தலைவரே நேரில் வந்துவிட்டார். ரவியின் தோளுக்கு மேலால் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தார்.

"இதென்னா இத்தன படம்? பொம்பளைங்க மண்ணு சொமக்கிறது, சொமக்கிறது, சொமக்கிறது... எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு! அதான் பாரம் தாங்காம நிக்குது. தூக்கு எல்லாத்தையும்."

ரவி தூக்கினான். மறுபடி அடித்தான். போட்டுப் பார்த்தோம். தலைவர் அதே மீசையில் அப்படியே நின்றார்.

ரவி என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "மச்சான், எத்தன படம் இருக்குங்கிறது விசயமே இல்ல. ஒரு செக்கனுக்கு இவ்வளவுதான்னு பிளேயருக்கு ஒரு கணக்கு இருக்கு. சும்மா நிக்கிற படம்னா சொகமா ஓடும். இவரு பூவ கொட்டி, சக்கரத்த சுத்தி, மொகத்தையும் பெருசாக்குனா அது மூச்சு வாங்குது. எல்லாத்தையும் எடுத்துட்டு இவர சின்னதா, சும்மா நிப்பாட்டுனா ஓடிரும். ஆனா யாரு சொல்றது?"

தலைவரைச் சின்னதாக்க வேண்டும் என்று தலைவரிடமே யார் சொல்வது? சொன்னவன் அந்தத் தோட்டத்தில் மறுபடி வடை தின்ன முடியுமா?

உள்ளே போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"தலைவரே, உங்கள இந்த மெஷினால தாங்க முடியலைங்க."

அப்புறம் அந்த முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது பாருங்கள்... ஒளிவட்டம் எல்லாம் தேவையே இல்லை.

"அப்புடியா? நானும் நெனச்சேன். சைனா சாமான்தானே! சரி, பாவம், அதுக்கு ஏத்த மாதிரி கொறச்சு வுடு."

நீங்களும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலைவரிடம் உங்கள் மேல் பிழை என்று சொன்னால் அன்றோடு உங்கள் கதை முடிந்தது. உலகம் உங்களுக்குப் போதவில்லை என்று சொல்லிப் பாருங்கள். உடனே பெருந்தன்மையோடு இறங்கி வருவார்.

ஞாயிறு காலை, தேர் புறப்படுவதற்கு முன் மறுபடி போட்டார்கள். வெள்ளை வேட்டியில் தலைவர் சும்மா வந்து, சும்மா நின்று, சும்மா போனார். எங்கும் சிக்கவில்லை. மேக்கணக்கு கைதட்டியது. ராசையாவும் சட்டென்று வந்து போய்விட்டார். அதற்காகவே மேக்கணக்கு இன்னொரு தடவை கைதட்டியது. தேர் கீழ்க்கணக்குக்கு இறங்க அனுமதி கிடைத்தது.

செல்லம்மா அக்கா அதே முன்வரிசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவர் போனார். ராசையா போனார். படத்தில் கோயில் மணி தூக்கிக் கட்டினார்கள். அன்னதானம் பரிமாறினார்கள். நன்றி, வணக்கம். திரை கறுத்துவிட்டது.

"எங்க படம் எங்கங்க?"

"டிஸ்க்கு சிக்குதுன்னு... எடுத்துட்டோங்கக்கா" என்றான் ரவி.

"எடுத்ததும் ஓடுச்சா?"

"இல்லக்கா. அப்பவும் நின்னுச்சு."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்களால இல்லீங்களே. திரும்ப வச்சிருக்கலாமே."

ரவி என்னைப் பார்த்தான். நான் டீவியைப் பார்த்தேன். கல்யாண சீசன். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை. இனி எதற்கு என்று அந்தப் படங்களை அன்றைக்கே அழித்துவிட்டானாம். சிக்கிய டிஸ்க்குகளையும் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டானாம். கோயில் மேட்டுக்கு ஏறிய அத்தனை தலைச்சுமையும் ஒரு பட்டனில் போய்விட்டது.

சிரித்துப் பேசியே காரியம் சாதித்துவிட்டதாக ஒரு நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே! நேராகத் தலைவரிடம் போனேன். தேருக்கு முன்னால் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். அக்காவின் மகள் குவைத்தில் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் தட்டினார்.

"அட, இதுக்கு ஏன் மொகத்த தூக்கி வச்சிருக்கீங்க? அடுத்த கும்பாபிஷேகத்துக்கு செல்லம்மாவையே முன்னுக்கு நிப்பாட்டி, மண்ணு சொமக்க வச்சு, நல்லா ஒரு படம் எடுத்துருவோம்!"

அடுத்த கும்பாபிஷேகத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. அக்காவுக்கு இப்போதே முழங்கால் வலி.