பன்னிரண்டு நாள் காசு

பங்குச்சந்தை என்ற ஒன்று எனக்கும் திறந்திருக்கிறது என்று சொன்னவர் என் அக்காவின் கணவர். நல்லூரில் ரியூசன் வைத்து உயர்தர வகுப்பு மாணவர்களுக்குக் கணக்கீடு படிப்பிக்கிறார். நல்ல பெயர், நல்ல கூட்டம். ஆனால் வீட்டிலும் வகுப்பில் கதைப்பதுபோலத்தான் கதைப்பார். முன்னால் இருப்பவர் எல்லோரும் அவருக்குப் பரீட்சையில் தவறியவர்கள்.

நான் உரும்பிராயில் அரைக்கும் மில் நடத்துகிறேன். செத்தல் மிளகாய், அரிசி, உளுந்து, காய்ந்த பனங்கிழங்கு ஒடியல். கணவர் இறந்த பிறகு மெசினில் நானே நிற்கிறேன். மிளகாய் அரைக்கிற நாளில் கண்ணும் மூக்கும் எரியும், நெஞ்சு கிழிய இருமல் வரும். யாரும் பாவப்படவேண்டாம். என்னிடம் இருந்த ஐந்து லட்சம் ரூபாய் எப்படி வந்தது என்பதற்காகச் சொல்கிறேன். அது இருமிச் சேர்த்த காசு. புது மெசின் வாங்கச் சேர்த்தது. பழைய மெசின் ஓடும்போது சுவரும் சேர்ந்து ஆடியது.

பங்கு விலைகள் கண்மண் தெரியாமல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டோ ஓட்டுபவர்கூட ஆள் ஏறும்வரை போனில் விலை பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் ஒரு கம்பனியைப் பிடித்துக்கொண்டார். கம்பனியின் பெயர் வேண்டாம், அதன்மேல் பிழை இல்லை. தன் சேமிப்பு முழுவதையும் அதில் போட்டார். அது போதாதென்று அக்காவின் தாலிக்கொடியை அடைவு வைத்து அதையும் போட்டார். பிறகு அவர் கண் என் ஐந்து லட்சத்தில் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். சோறு இறங்குமுன்பே தொடங்கினார்.

"ஆறு மாசம் பொறு பிள்ளை. ஒரு மெசின் இல்லை, ரெண்டு மெசின் வாங்கலாம்."

எனக்கு ஆசை வரவில்லை என்றால் பொய். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு மெசினையும் மில்லில் எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். இரண்டாவதுக்கு இடம் காணாமல் பின்சுவரை இடித்தும் பார்த்தேன், மனதுக்குள்.

அடுத்த நாள் பழைய மெசின் நடு அரைப்பில் நின்றது. நட்டுகளைக் கழற்றிக்கொண்டு இருந்தபோதுதான் டெங்கு வந்து படுத்த வருடம் ஞாபகத்துக்கு வந்தது. பன்னிரண்டு நாள் மில் பூட்டிக் கிடந்தது. ஒரு சதம் வரவில்லை. ஆனால் யாரிடமும் கைநீட்டாமல் சமாளித்தேன். பதின்மூன்றாம் நாள் என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் பதின்மூன்றாம் நாள் எழும்பி மில்லைத் திறந்துவிட்டேன். ஆக, என்னால் தாங்க முடிந்த இழப்பு எவ்வளவு என்று அனுபவத்தில் எனக்குத் தெரியும். அத்தானின் எந்தப் புத்தகமும் எனக்கு அதைச் சொல்லவில்லை. கரண்ட் காசு கழிய ஒரு நாளைக்கு நாலாயிரம் மிஞ்சும். பன்னிரண்டு நாளுக்கு நாற்பத்தெட்டாயிரம். ஒரு தடவைக்கு அதற்கு மேல் ஒரு ரூபாயும் பங்கில் போடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

யாழ்ப்பாணம் ரவுனில் உள்ள பங்குத் தரகர் அலுவலகத்துக்கு அத்தானும் கூடவே வந்தார். எவ்வளவுக்கு வாங்குவது என்று மேசையில் இருந்த பெண் கேட்டாள். சொன்னேன். அத்தான் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"நாலு லட்சத்து எண்பதாயிரம் எண்டுதான் சொல்ல வாறா. சைபர் ஒண்டு தவறிப்போச்சு."

"சைபர் ஒண்டும் தவறேல்லை அத்தான். உந்தக் காசு போனால் பன்னிரண்டு நாள் சும்மா இருமினன் எண்டு விடுவன். அதுக்கு மேலை என்னாலை இரும ஏலாது."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நாற்பத்தெட்டாயிரம் என்று எழுதினாள்.

மிச்சக் காசில் மெசின் வாங்கினேன். கொழும்பிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. அதே மாதம் பங்கு விலை பாய்ந்து ஏறியது. ஐந்து லட்சத்தையும் போட்டிருந்தால் இன்றைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று அக்கா நாள் தவறாமல் போன் எடுத்துக் கணக்குச் சொன்னாள். அத்தான் மில்லுக்கே வந்து புது மெசினைத் தட்டிப் பார்த்தார்.

"இது ஏறாது பிள்ளை. கறள்தான் ஏறும்."

அந்த இரும்பில் இன்றுவரை துருப் பிடிக்கவில்லை.

பிறகு நாடே விழுந்தது. டொலர் ஏறியது, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் சில மணித்தியாலங்கள்தான். பங்கு விலை பாதிக்கும் கீழே போனது. என் நாற்பத்தெட்டாயிரம் இருபதாயிரம்கூடப் பெறவில்லை. கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிவிட்டுப் போய் மில்லைத் திறந்தேன். பழைய மெசின் மூன்று மணித்தியாலம் எடுத்த வேலையைப் புதியது ஒரு மணித்தியாலத்தில் முடித்தது. கரண்ட் வருகிற கொஞ்ச நேரம் அதற்குப் போதும். டீசல் எஞ்சின் வைத்திருந்த மில்கள் டீசல் இல்லாமல் மூடின. கோப்பாயிலிருந்தும் நீர்வேலியிலிருந்தும் சனம் சைக்கிளில் சாக்குக் கட்டிக்கொண்டு வந்தது. என் படலைக்கு வெளியே றோட்டுவரை வரிசை. அந்த நாட்களில் மற்ற வரிசைகளில் நின்றவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். என் வரிசையில் நின்றவர்கள் தூளோடு போனார்கள். அதே மெசினின் விலையை ஒருவர் விசாரித்துச் சொன்னார். நான் கொடுத்ததன் இரண்டு மடங்குக்கு மேல். காசு பங்கில் கிடந்திருந்தால் ஆடுகிற மெசினும் ஆடுகிற சுவரும்தான் எனக்கு மிச்சம்.

வேலை கூடியதால் என் பன்னிரண்டு நாள் காசும் கூடியது. விழுந்து கிடந்த அதே பங்கில் இன்னொரு பன்னிரண்டு நாள் காசைப் போட்டேன். அதற்குப் பிறகு போடவும் இல்லை, விற்கவும் இல்லை. இன்றைக்கு அது நான் முதலில் வாங்கிய விலையைத் தாண்டி நிற்கிறது. அத்தான் அடைவு வட்டி கட்ட முடியாமல், விலை ஆக அடியில் கிடந்தபோது தன் பங்குகளை விற்றுவிட்டார். விற்ற காசு அடைவை மீட்கப் போதவில்லை. ஏலத்துக்குப் போக இருந்த தாலிக்கொடியை மீட்ட காசு என் மில்லிலிருந்து போனது. அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை. அதனால் நான் கதைக்கிறேன்.

போன மாதம் அவரே மிளகாய்ப் பையோடு மில்லுக்கு வந்தார். வழக்கமாக அக்காதான் வருவாள். கதிரையில் இருந்து சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் மெசினைப் பார்த்தார். பிறகு, விலை திரும்ப ஏறுவதால் தானும் கொஞ்சம் வாங்க நினைப்பதாகச் சொன்னார்.

"எவ்வளவு போடலாம் எண்டு நினைக்கிறாய், பிள்ளை?"

"ரியூசனை எத்தனை நாள் பூட்டி வைச்சால் உங்களுக்குத் தாங்கும்?"

அவர் யோசித்தார். முதல்முறையாக, பதில் தெரியாத பிள்ளை மாதிரி.

"நாலு நாள். அதுக்கு மேலை பெடியள் வேறை இடத்துக்குப் போயிடுவாங்கள்."

"அப்ப நாலு நாள் காசு. சைபர் ஒண்டும் கூட்டிப் போடாதேங்கோ."

பையைப் பிரித்து மிளகாயைக் கொட்டினேன். மெசின் ஓடத் தொடங்கியது. அன்றைக்கு இருமியவர் அவர்.