சிக்ரிட் தன் அம்மாவுக்குக் கொடுத்த நோய்

சிக்ரிட் ஹால்வர்சன் கெட்டவள் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதிக் கதையிலேயே நீங்கள் அவளுக்கு ஒரு பட்டம் கட்டிவிடுவீர்கள். வட டகோட்டாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே, ஒரு தேவாலயமும் ஒரு தானியக் கிடங்கும் தவிர வேறெதுவும் இல்லாத ஊரில் பிறந்தவள். அப்பா இல்லை. அம்மா ஆர்லிஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். ஒன்பதாம் வகுப்பில் ஸ்பானிய மொழி படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து சிக்ரிட்டுக்கு ஸ்பெயினில் இருக்கிற கிரனாடா நகரத்தின் மேல் பைத்தியம். இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் அங்கே போய்ப் படிக்கலாம் என்பதற்காகவே எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தாள்.

அவளுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள், கூடப்பிறந்தவர்கள் வேண்டும் என்று ஏங்கினாள். மாணவிகள் ஒரே வீட்டில் அக்கா தங்கைகளாகச் சேர்ந்து வாழுகிற எங்கள் சகோதரியர் சங்கம் அப்போதுதான் வளாகத்தில் தொடங்கியிருந்தது. மற்ற சங்கங்களுக்குத் தூண் வைத்த மாளிகைகள். எங்களுக்கு வாசலில் சங்கப் பெயராக மூன்று கிரேக்க எழுத்துகளும் ஒழுகுகிற கூரையும். ஆள் சேர்க்க நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். புதிதாகச் சேருகிறவளுக்கு ஓர் அக்காவை ஒதுக்குவது வழக்கம். சிக்ரிட்டுக்கு அக்கா நான். பெயர் கெண்ட்ரா, வாய் கொஞ்சம் நீளம்.

சேரும் நாளன்று எங்கள் தலைவி லாரல் அவளை உட்கார வைத்துக் கேட்டாள். "இங்க பாரு, நம்ம சங்கம் புதுசு. நாலு மாசத்துல காணாமப் போறவ எங்களுக்கு வேணாம். நீ இருப்பியா?"

"இருப்பேன். எங்கயும் போகமாட்டேன்" என்றாள் சிக்ரிட். கிரனாடாவில் அவளுக்கு இடம் அப்போதே உறுதியாகியிருந்தது.

நவம்பரில் அவளால் மேற்கொண்டு மறைக்க முடியவில்லை. ஜனவரியில் விமானம். ஒரு நாள் சமையலறையில் நானும் அவளும் தட்டு கழுவிக்கொண்டிருந்தோம். "அடுத்த பருவம் நான் இங்க இருக்கமாட்டேன்க்கா. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கூட இருக்கணும்" என்றாள்.

"என்னடி ஆச்சு அவங்களுக்கு?"

"கேன்சர்."

ஏன் அவ்வளவு தூரம் போனாள் என்று பிறகு கேட்டேன். முதுகுவலி என்று சொன்னால் ஆறு மாசத்துக்குத் தாங்காதே என்றாள். நல்ல கணக்கு.

ஆனால் நாங்கள் எப்பேர்ப்பட்ட ஆட்கள் என்பதை அவள் மறந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு நோய் என்றால் அழமாட்டோம், கட்டிப்பிடிக்கமாட்டோம். அடுப்பைப் பற்றவைத்துவிடுவோம். மாட்டிறைச்சிக் கொத்தும் காளான் சூப்பும் கொட்டி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கிச் சுடுகிற ஹாட்டிஷ் இல்லாமல் இங்கே யாரும் குணமானதும் இல்லை, செத்ததும் இல்லை. லாரல் சங்கத்தையே சமையலறையில் இறக்கினாள். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, தாளால் மூடிய பாத்திரங்கள் காரின் பின்பக்கம் நிறைந்தன. சிக்ரிட்டிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை.

"ஏறுடி, சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்று நானும் லாரலும் அவளை ஏற்றிக்கொண்டோம். நெடுஞ்சாலைக்கு வந்ததும் லாரல் சிரித்தாள். "உங்க வீட்டுக்குத்தான் போறோம். உங்கம்மாவைப் பாக்க வேணாமா?"

சிக்ரிட்டின் முகம் வெளுத்துப்போனது. துக்கம் என்று நினைத்து என் கம்பளிச் சால்வையை எடுத்து அவள் தோளில் போட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு எரிகிறது. வழியில் பெட்ரோல் போட நின்றபோது கழிப்பறைக்கு ஓடினாள். திரும்பத் திரும்ப அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள், எடுக்கவில்லை. திரும்பி வந்து காரில் ஏறிக்கொண்டாள். நான்கு மணி நேரப் பயணம். எந்த இடத்திலும் வாயைத் திறந்திருக்கலாம். லாரல் அவள் அம்மாவுக்கு என்ன மருந்து, என்ன சாப்பாடு ஆகும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இவளும் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆர்லிஸ் கூரைமேல் நின்று பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கடவுளே, இந்த உடம்போடவா" என்று லாரல் ஓடினாள். ஏணியைப் பிடித்து அவளைக் கைத்தாங்கலாக இறக்கினோம். எங்கள் ரெண்டு பேரையும் தூக்கிக்கொண்டு ஏறிவிடக்கூடிய பெண்பிள்ளை. ஒன்றும் புரியாமல் பார்த்தாள். நான் வாழ்த்து அட்டையை நீட்டினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டு, 'புற்றுநோயை நீங்கள் வெல்வீர்கள்' என்று எழுதியிருந்தோம். ஆர்லிஸ் அதை நிதானமாகப் படித்தாள். மகளைப் பார்த்தாள். மகள் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க, குளிருது" என்றாள் ஆர்லிஸ்.

சோபாவில் அவளை உட்கார வைத்துப் போர்வை போர்த்தினோம். மறுக்காமல் உட்கார்ந்தாள். பேருந்தில் ஒரு குழந்தையின் கையுறை மாறிவிட்டது என்று இருபது மைல் திரும்பிப் போனவள், அத்தனை நேர்மை என்று சிக்ரிட்டே அவளைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

"சிகிச்சை எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டாள் லாரல்.

"பரவாயில்ல." எங்கள் பக்கத்தில் கால் ஒடிந்தவனும் அதைத்தான் சொல்வான். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் கழுத்து வரை சிவந்துபோனாள்.

லாரல் ஜெபம் செய்யலாம் என்றாள். கையைக் கோத்துக்கொண்டோம். ஆர்லிஸின் ஒரு கை என் கையில், மறு கை மகள் கையில். ஆண்டவரே, இந்தத் தாயின் நோயைக் குணமாக்கும் என்று லாரல் உருகி உருகிக் கேட்டாள். ஆர்லிஸ் என் கையிலிருந்து தன் கையை உருவப் பார்த்தாள்.

"நிறுத்து. அம்மாவுக்கு ஒண்ணுமில்ல" என்றாள் சிக்ரிட். "நான் கிரனாடாவுக்குப் படிக்கப் போறேன். சொன்னா சேத்துக்கமாட்டீங்கன்னு நினைச்சேன்."

லாரல் கண்ணைத் திறந்தாள். "படிக்கப் போறியா? அவ்ளோதானா? நானே அடுத்த வருஷம் இத்தாலிக்குப் போறேன்டி. சொல்லிட்டுப் போனா இடம் அப்படியே இருக்குமே. போய்ட்டு வா, உன் இடம் எங்கயும் போகாது."

அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாள். திட்டியிருந்தால் சிக்ரிட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எனக்கும்தான்.

ஆர்லிஸ் போர்வையை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். மகளைப் பார்க்கவில்லை. "நானும் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று எங்கள் இருவரிடமும் கேட்டாள். எங்கள் அம்மா வயசு. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூசிப்போனோம்.

சாப்பிடலாமா என்று நான் கேட்டதற்கு ஆர்லிஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள். "இது நோயாளிக்குன்னு செஞ்சது. பக்கத்துப் பண்ணைல கெர்டாவுக்கு நெசமாவே வந்திருக்கு. சிக்ரிட்டுக்கு அது தெரியும்." பிறகு மகளிடம் முதல்முறையாகப் பேசினாள். "எடுத்துட்டு வா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காரில் சிக்ரிட் அடுக்கிய மருந்துப் பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தவை என்று.

கெர்டா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவள். கம்பளித் தொப்பிக்குள் முடி இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், எங்களையும் எங்கள் கையிலிருந்த பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவ்ளோ பனியில, எனக்காகவா வந்தீங்க?"

லாரல் என்னைப் பார்த்தாள். நான் படியைப் பார்த்தேன்.

"ஆமா, அத்தை" என்றாள் சிக்ரிட்.

கெர்டா அவள் கன்னத்தைத் தொட்டாள். பிறகு எங்கள் தலைக்கு மேலாக, பின்னால் பாத்திரத்தோடு நின்றிருந்த ஆர்லிஸைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளைய எப்படி வளத்திருக்க பாரு."