எங்க இறங்குறீங்க?

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடித் தகட்டில் என்ன தெரிகிறதோ அதை மட்டும் எழுதிக் கொடுப்பது என் தொழில். இருக்கும் என்று நினைத்ததை எழுதக் கூடாது. இதையும் அப்படித்தான் எழுதுகிறேன். பார்த்ததும் கேட்டதும் மட்டும்தான் இதில் இருக்கிறது. கதை கட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இப்படியெல்லாம் நடந்திருக்கவே முடியாது என்று உங்களில் யாராவது எனக்குப் புரியவைத்தால் அவருக்குக் கோடிப் புண்ணியம். அன்றிலிருந்து நான் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை.

மாலை ஆறு ஐம்பது ரயில். பெண்கள் பெட்டி. ஒன்பது வருஷமாக அதே ரயில், அதே பெட்டி.

சீசன் டிக்கெட் எடுத்துத் தினமும் போய்வரத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் இரண்டு விஷயம் சொல்வேன். எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்குகிற இடத்தில் படிக்கட்டு நேரெதிரே வரும் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் உயிர் பிழைப்பீர்கள். இன்னொன்று ரயில்வே எந்தப் பலகையிலும் எழுதி வைக்காதது. ஏறியதும் உட்கார்ந்திருப்பவளிடம், “எங்க இறங்குறீங்க?” என்று கேளுங்கள். அவள் ஸ்டேஷனைச் சொல்லிவிட்டால் அந்த இடம் உங்களுக்கு. இறங்கும்போது உங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நடுவில் மகாராணியே வந்து நின்றாலும் கிடையாது. இதில் பொய் மட்டும் சொல்லக் கூடாது. ஒருத்தி தன் சிநேகிதிக்கு இடம் பிடிப்பதற்காக, கடைசி வரைக்கும் போவதாகப் புளுகிவிட்டு நடுவில் இறங்கினாள். மூன்று மாதம் பெட்டியில் ஒருவரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், வேறு ரயிலுக்கே மாறிப் போனாள்.

எங்கள் வழியில் பெரிய ஸ்டேஷனுக்கு அப்புறம் சந்தை, பாலம், மில், கடைசி. எல்லாம் நாங்கள் கூப்பிடுகிற பெயர்கள். பலகையில் இருக்கிற பெயரைச் சொன்னால் ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். நான் மில்லில் இறங்க வேண்டும்.

அந்த வருஷம் என் ஓரகத்தியும் என்னோடு வந்துகொண்டிருந்தாள். கொழுந்தன் மனைவி. வீட்டில் சின்னவள் என்போம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஏழு மாதக் கர்ப்பம். மூன்றாம் மாதமே ஒருமுறை ரத்தம் பட்டு ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவள். அலைச்சலே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லீவோ அடுத்த மாதத்திலிருந்துதான். தினமும் காலையில் மாமியார் வாசல் வரைக்கும் வந்து என்னிடம், “சின்னவளைப் பத்திரமா கூட்டிட்டு வாம்மா. உன் பொறுப்பு,” என்பார்.

எனக்கு இரண்டு கரு தங்கவில்லை. அப்போதெல்லாம் யாரும் யாரிடமும் என்னைப் பத்திரமாகக் கூட்டி வரச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

பொறாமை இல்லை என்றால் பொய். பொறாமை மட்டும்தான் என்றாலும் பொய். கூட்டத்தில் யாராவது அவள் வயிற்றின் மேல் சாய வந்தால் என் முழங்கை தானாகக் குறுக்கே நீளும். அதே நேரம் என் கண்கள் அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். என்ன நினைத்துப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கலாம். சில சமயம் சட்டென்று பையை எடுத்து மடியில் வைத்து மறைத்துக்கொள்வாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன்.

அன்று மதியத்திலிருந்து விடாத மழை. பல அலுவலகங்களை முன்னதாகவே மூடிவிட்டார்கள். பெட்டி ஏறக்குறையக் காலி. வழக்கமான ஆட்களில் நர்ஸ் அக்காவும் டீச்சரும்தான் இருந்தார்கள். எல்லோரும் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தோம்.

“என்னடி, உள்ள இருக்கிறவன் இன்னிக்கு எத்தனை உதை விட்டான்?” என்று நர்ஸ் அக்கா சின்னவளைக் கேட்டார்.

“நிறுத்தவே மாட்டேங்குறான் அக்கா. பந்து விளையாடுறான்.”

“தயவுசெஞ்சு எங்க ஸ்கூல்ல மட்டும் சேத்துராத,” என்றார் டீச்சர், பரீட்சைத் தாளிலிருந்து தலையை எடுக்காமலே. “ஏற்கெனவே நாப்பது பேரு உதைக்கிறானுங்க.”

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பெரிய ஸ்டேஷன் தாண்டி, சந்தை வருவதற்கு முன்னால் ரயில் நின்றது. ஏழு பன்னிரண்டு. வீட்டுக்குச் சொல்வதற்காகக் கடிகாரத்தைப் பார்த்தேன். “சிக்னல் கோளாறு காரணமாக ரயில் தாமதமாகிறது. பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு...” என்று அறிவிப்பு ஓடியது. முடியவில்லை. பாதியில் அறுந்தது.

விளக்குகள் அணைந்தன.

மழைச் சத்தம் மட்டும். தகரக் கூரையில் தடதடவென்று... சின்னவள் மூச்சு விடுவது கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். விளக்கு வந்தது.

வாசலருகே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

ரயில் நடுவழியில் நிற்கிறது. யாரும் ஏறவில்லை. பக்கத்துப் பெட்டிக்கு வழியும் கிடையாது. முன்பே இருந்திருப்பாள், நான்தான் கவனிக்கவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன். அவள் மேல் ஒரு சொட்டு ஈரமில்லை.

என் வயதுதான் இருக்கும். முகம்... அதை எப்படிச் சொல்வது? தினமும் பார்க்கிற முகம் மாதிரி இருந்தது. ஒருநாளும் நேராகப் பார்த்திராத முகம் மாதிரியும் இருந்தது.

ரயில் ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தோம். அவள் அசையவே இல்லை. மேலே கைப்பிடிகள் எல்லாம் ஆடின. அவள் பிடித்திருந்தது மட்டும் ஆடவில்லை.

டீச்சரிடம் போய் நின்றாள்.

“எங்க இறங்குறீங்க?”

சுற்றிலும் அத்தனை இடம் காலியாக இருக்கிறது. இவள் ஏன் கேட்கிறாள்?

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார். “உனக்கெதுக்கு? உனக்குத்தான் இடம் இருக்கே. போய் உக்காரு.”

எந்த ஸ்டேஷன் என்று அவர் சொல்லவே இல்லை. சந்தை வந்ததும் தாள்களைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அடுத்தது நர்ஸ் அக்கா.

“எங்க இறங்குறீங்க?”

“பாலம்தான். தெரியாத மாதிரி கேக்குற!” நர்ஸ் அக்கா சிரித்தார். யாரிடமும் அப்படித்தான் பேசுவார். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. கை மெதுவாக நெஞ்சுக்குப் போனது.

பாலம் வந்தது. நர்ஸ் அக்கா வழக்கப்படி அவளைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தார். கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார்.

அவள் அந்த இடத்தில் உட்காரவில்லை. குனிந்தாள். உள்ளங்கையை இருக்கையில் வைத்தாள். சூடு இருக்கிறதா என்று பார்ப்பது போல... சற்று நேரம் வைத்திருந்தாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள்.

மெதுவாக வந்தாள். செருப்புச் சத்தம் இல்லை. எங்களுக்கு நேரெதிரே நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. சின்னவளின் முகத்தையும் பார்க்கவில்லை.

அவள் பார்த்தது வயிற்றை.

“எங்க இறங்குறே?”

வயிற்றைத்தான் கேட்டாள். சின்னக் குழந்தையிடம் கேட்பது போல, அவ்வளவு பிரியமாக.

சின்னவள் உறைந்துபோயிருந்தாள். உதடு பிரிந்தது. சொல்லிவிடுவாள். மில் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெட்டியில் எல்லோருக்கும் பழகின பழக்கம் அது. கேட்டால் நாக்கு தானாகச் சொல்லிவிடும். ஏன் என்று தெரியாது. இவள் சொல்லக் கூடாது. அது மட்டும்தான் தெரிந்தது. சின்னவள் கையை இறுகப் பிடித்தேன்.

“கடைசி,” என்றேன்.

அந்தப் பெட்டியில் நான் சொன்ன முதல் பொய்.

எதிரே நின்றவளின் கண்கள் மெல்ல என் பக்கம் வந்தன. “கடைசியா?”

“ஆமா. கடைசி.”

“சரி... நிக்கிறேன்.”

நின்றாள்.

மில் வந்தது. ரயில் நின்றது. பிளாட்பாரத்து விளக்கு உள்ளே விழுந்தது. எங்கள் வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை. சின்னவள் எழப் பார்த்தாள்.

“அக்கா... நம்ம ஸ்டேஷன்...”

என் பக்கம் திரும்பாமல் சொன்னாள். எதிரே பார்த்தபடி. அழுகிற குரலில்.

நான் விடவில்லை. மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தேன். இறங்கினால் சொன்ன சொல் பொய்யாகிவிடும். பொய்யானால் அந்த இடம்... அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

ரயில் கிளம்பியது.

மில்லுக்கும் கடைசிக்கும் நடுவே ஓரிடத்தில் ரயில் ஒரு மின்கம்பியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். தினமும் அங்கே விளக்கு அணைந்து உடனே வரும். கண் சிமிட்டுகிற நேரம்.

அணைந்தது.

வரவில்லை.

மழை. இருட்டு. சின்னவள் கை என் கையில்.

“அக்கா...”

எதிரே துணி உரசும் சத்தம்.

நெருங்கியது.

முழங்கால் என் முழங்காலில் இடித்தது. சில்லென்று...

பிறகு பாரம். என் மடியில். யாரோ உட்காருகிறார்கள். நான் இருக்கிற இடத்திலேயே... நான் இல்லாத மாதிரி...

கத்தினேன்.

சத்தம் வரவில்லை.

வெளிச்சம்.

யாரும் இல்லை. பெட்டியில் நாங்கள் இரண்டே பேர். மடியில் என் பை. கையைப் பார்த்தேன். சின்னவள் கை அதில் இல்லை. அவள் ஜன்னலோரம் ஒடுங்கி, இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

போன் செய்ததும் கடைசி ஸ்டேஷனுக்கு என் கணவர் காரோடு வந்தார். “ரெண்டு பேரும் தூங்கிட்டீங்களா?” என்று திட்டினார். சின்னவள் முன்பக்கம் ஏறிக்கொண்டாள். மறுநாளே வேலையை விட்டுவிட்டாள். காரணம் கேட்ட மாமியாரிடம், அலைச்சல் தாங்கவில்லை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மாலை டீச்சர்தான் சொன்னார். நர்ஸ் அக்கா இறந்துவிட்டார். பாலத்தில் இறங்கியவர் படிக்கட்டு வரைக்கும்கூடப் போகவில்லை. இறங்கின இடத்திலேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாராம். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்களாம். இதையெல்லாம் டீச்சர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். சொல்லிவிட்டு, காலியான இடத்தை விட்டுப் பெட்டியின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டார்.

சின்னவளுக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம். குறை ஒன்றும் இல்லை. ஆனால் என்னிடம் குழந்தையைக் கொடுக்கும்போது அவள் கை ஒரு கணம் தயங்கும். பெற்றவளின் பயம் என்று நினைத்துக்கொண்டேன். குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு ஒரு மதியம், இருவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கு நம்ம எதிர்ல நின்னாளே... அவளை உனக்கு முன்னாடியே தெரியுமா?”

மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்தாள்.

“என்னக்கா கேக்குறீங்க? நின்னது நீங்கதானே?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கரண்டு போயிட்டு வந்தப்போ நீங்க வாசல்கிட்ட போய் நின்னுட்டிருந்தீங்க. டீச்சர்கிட்ட கேட்டீங்க. நர்ஸ் அக்காகிட்ட கேட்டீங்க. அப்புறம் வந்து என் வயித்தைப் பாத்து... எனக்கு உயிரே போயிடுச்சுக்கா. இதை நான் அவர்கிட்டகூடச் சொல்லல.”

“இல்ல. நான் உன் பக்கத்துல உக்காந்திருந்தேன். உன் கையைப் பிடிச்சிருந்தேன்.”

“பக்கத்துல இருந்தது வேற யாரோ. அதுக்கு முன்னாடி அவங்களை நான் பாத்ததே இல்ல. அவங்கதான் கடைசின்னு சொன்னாங்க. அவங்கதான் என்னை மில்லுல இறங்க விடல. அதுக்கப்புறம் இருட்டுல எங்க போனாங்கன்னு தெரியல. வெளிச்சம் வந்தப்போ அந்த இடத்துல நீங்க உக்காந்திருந்தீங்க.”

தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அவங்க இல்லேன்னா இவ இல்ல. அவங்க முகம் எனக்கு இன்னும் நல்லா ஞாபகம் இருக்குக்கா. எங்கயாவது பாத்தா, கையெடுத்துக் கும்பிடணும்.”

என் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டுதான் இதைச் சொன்னாள்.