ரஞ்சனியின் நவம்பர்

"அந்தப் புள்ள சாப்பிட்டாளா?"

கீழ் வீட்டு அக்கா மாடிப்படியின் பாதியில் நின்று கேட்டார். ஈரக் கையில் ஒரு முறம் கீரை. என் மகளைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, இரண்டு வாய் வாங்கினாள், மீதியைத் துப்பிவிட்டாள் என்றேன். "பாப்பாவைக் கேக்கலைங்க தங்கச்சி. ரஞ்சனி. நேத்துப் படிச்சீங்களே, மழையில நனைஞ்சு வந்து அப்படியே தூங்கிட்டான்னு. எழுப்பிச் சோறு போட்டாங்களா இல்லையா?" ரஞ்சனி நான் உண்டாக்கியவள். என் வலைப்பூவில் எழுதிவந்த தொடர்கதையில் வரும் சிறுமி. கணினிக்கு வெளியே அவளுக்குப் பசிக்க ஒரு வயிறு கிடையாது. இருந்தும் அந்த முகத்தைப் பார்த்தபோது, "எழுப்பிப் போட்டாங்க அக்கா, பருப்பும் கருவாடும்" என்று வாயில் வந்துவிட்டது. அக்கா தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அன்று மாலை கணினி முன் உட்கார்ந்து, கதையில் இல்லாத அந்தச் சோற்றை எழுதிச் சேர்த்தேன்.

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்துத்தான் நான் போர்ட் பிளேருக்கு வந்தேன். கணவருக்கு அரசு வேலை. மின்னி பே பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கடல். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்பார்கள். நானோ மகள் பிறந்த பிறகு அந்த ஜன்னலைப் பெரும்பாலும் மூடியே வைத்திருந்தேன். மெயின்லேண்டிலிருந்து பத்திரிகைகள் கப்பலில் வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும். ஆகவே வலைப்பூக்களைப் படிக்கத் தொடங்கினேன். இணையம் அவ்வளவு மெதுவாக இருந்தது; ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தால், தலைப்பும் பாதிப் படமும் வந்திருக்கும். படித்துப் படித்து ஒருநாள் நானும் ஒரு புனைபெயரில் எழுத ஆரம்பித்தேன். "யாரு படிப்பா?" என்று கணவர் கேட்டார். ஏழெட்டுப் பேர் என்றேன். "நம்ம கல்யாணத்துக்கு வந்த ஆளுங்களை விட அதிகம்தான்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அக்கா நிக்கோபாரில் உள்ள கச்சால் தீவுக்காரர். இலங்கை மலைத் தோட்டங்களிலிருந்து ரப்பர் வேலைக்காகக் கொண்டுவந்து கச்சாலில் குடியேற்றப்பட்ட குடும்பம். அலைக்குப் பிறகு தகரக் கொட்டகையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, கணவருக்கு ஒரு கோடவுனில் காவல் வேலை கிடைத்ததால் இங்கே வந்திருந்தார்கள். நான் தட்டச்சு செய்யும்போது என் மகளை அவர்தான் வைத்துக்கொள்வார். திரையில் உள்ள எழுத்து கண்ணைக் கூசுகிறது என்பதால், எழுதியதை நான் வாசித்துக் காட்டுவேன். ஆரம்பத்தில் நான் எழுதிய கதைகளைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "உங்க கதையில யாருக்குமே பசிக்க மாட்டேங்குதே தங்கச்சி. எல்லாரும் ஜன்னல்கிட்ட நின்னு யோசிச்சுக்கிட்டே இருக்காங்க. அந்தம்மாவுக்கு வேலை வெட்டி ஒண்ணும் இல்லையா?" இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னது சரிதான் என்று பட்டது.

அதன் பிறகுதான் அவர் பேச்சைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். விடியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போவது, எத்தனை முறை தலை குளித்தாலும் முடியை விட்டுப் போகாத பாலின் நாற்றம், லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் ஒற்றைச் சுவர் வழியே பக்கத்து வீட்டுச் சண்டை கேட்பது. கச்சாலைப் பற்றி எல்லாம் சொல்வார். அலையைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. இந்த ஊரில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைச் சந்தித்தால் எந்தத் தீவு என்று கேட்போம். நிக்கோபார் பக்கத்துத் தீவின் பெயரைச் சொன்னால், அதோடு நிறுத்திக்கொண்டு, டீ குடிக்கிறீர்களா என்று கேட்போம்.

அப்படித்தான் ரஞ்சனி வந்தாள். கச்சால் தோட்டத்து லயத்தில், சுனாமி வந்த வருடத்தின் மழைக்காலத்தில் தொடங்கும் கதை. நான் அந்தத் தீவைப் பார்த்ததே இல்லை. தோட்டத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். பிள்ளையை என் வீட்டிலிருந்து எடுத்தேன். சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருப்பது, செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுவது, தூங்கும்போது ஒரு காதைப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் மகளுடையவை. எழுதும்போது அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. கையில் இருப்பதைத்தானே எழுத முடியும்.

அக்கா ஒருநாள் விடாமல் ரஞ்சனியை விசாரித்தார். ஜுரம் விட்டதா, பள்ளிக்கூடத்தில் அடித்த டீச்சரை அவளுடைய அம்மா போய்க் கேட்டாளா, பூனைக்குட்டியை வீட்டில் சேர்த்தார்களா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. ஒரு வாசகி இப்படிக் கேட்டால் எழுதுகிறவளுக்கு வேறு என்ன வேண்டும். கதை நவம்பரைத் தொட்டபோது மெயின்லேண்ட் வாசகர் ஒருவர் பின்னூட்டம் எழுதியிருந்தார். 'டிசம்பர் நெருங்குகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம்.' அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் என் மகளின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டிசம்பர் எழுதப் போறீங்களா?" என்றார்.

"தெரியலை அக்கா."

"ம்." அவ்வளவுதான். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கும் டிசம்பரை எழுதப் பயமாகத்தான் இருந்தது. காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற ஒரு குழந்தையை எப்படி நீரில் விடுவது? கதைதானே என்று பகலில் சொல்லிக்கொள்வேன். மகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது கை நிற்கும். கணவரிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை. எனவே நவம்பரை இழுத்தேன். பூனை குட்டி போட்டது. லயத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமாயிற்று, நின்றுபோயிற்று, மறுபடி நிச்சயமாயிற்று. அடைமழையில் பாலம் உடைந்தது. "உங்க நவம்பர்ல கல்யாணம் முடிஞ்சு பேரப்புள்ளையே வந்துரும்போல" என்று அக்கா சிரித்தார். சிரித்தாலும், நவம்பர் நீள நீள அவர் முகம் தெளிந்துவந்ததைக் கண்டேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு பிற்பகல் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. இங்கே சிறிய நடுக்கங்கள் புதிதல்ல. வெளியே வந்து கொஞ்ச நேரம் நிற்போம், பிறகு அடுப்பில் வைத்தது கருகிவிடுமே என்று உள்ளே போவோம். கணினியை மூடலாமா என்று நான் யோசிப்பதற்குள் அக்கா என் மகளை இடுப்பில் தூக்கியிருந்தார். படியில் இறங்கும் சத்தம் கேட்டது. நான் இறங்கி வந்தபோது வாசலில் அவர் இல்லை. மேட்டுச் சாலையில், வெறுங்காலோடு, திரும்பிப் பார்க்காமல் ஏறி ஓடிக்கொண்டிருந்தார். அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினேன். மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றார். மகள் இதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் தெருமுனைக் கடைக்காரர், வங்காளி, கடையை விட்டு எட்டிப் பார்த்து, "குச் நஹி ஹே பாபி, சோட்டா வாலா தா. கர் ஜாயியே" என்றார். சின்னதுதான், வீட்டுக்குப் போங்கள் என்று. அக்கா பிள்ளையைக் கீழே இறக்கவில்லை.

"எனக்கு ஒண்ணு இருந்துச்சு தங்கச்சி" என்றார். மூச்சு வாங்கியது. "கிறிஸ்மஸ் அன்னிக்குச் சாயந்திரம். கரையில அவ கூட்டாளி வீடு, நிக்கோபாரி ஆளுங்க. கேக்கு, கறி, பாட்டுன்னு எல்லாம் இருக்கும். ராத்திரி அங்கேயே தங்கிட்டுக் காலையில வந்துர்றேன்னு கேட்டா. போயிட்டு வான்னுட்டேன். கவுனுக்கு இஸ்திரி போட்டு நானேதான் மாட்டி விட்டேன்." கடலைப் பார்க்காமல் தொட்டியின் பாசி பிடித்த சுவரைப் பார்த்துப் பேசினார். "எங்க லயம் மேட்டுல. காலையில அத்தனை ஆட்டம் ஆடுச்சு, அத்தனை தண்ணி வந்துச்சு. எங்க வீட்டுல ஒரு தட்டு உடையலை."

இத்தனை நாள் அவர் பிள்ளையை அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேனா, என் பிள்ளையையா? இறங்கி வரும்போது அக்காவே பேசினார்.

"நவம்பரை எத்தனை நாளைக்கு இழுப்பீங்க. டிசம்பரை எழுதுங்க. ஆனா அவ அம்மாகிட்டச் சொல்லி வைங்க, விடாதேன்னு. புள்ள அழுதாலும் விடாதேன்னு."

எழுதினேன். அக்கா கேட்டதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எனக்கு வேண்டியதைத்தான் செய்தேனோ என்று இன்றும் சந்தேகம் உண்டு. அந்த அத்தியாயத்தில் கிறிஸ்மஸ் மாலை ரஞ்சனி கேட்கிறாள். அம்மா, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், வேண்டாம் என்கிறாள். ரஞ்சனி தரையில் உருண்டு அழுகிறாள். கவுனைத் தூக்கி எறிகிறாள். சாப்பிடாமல், காதைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் காய்ந்த கன்னத்தோடு தூங்கிப்போகிறாள். விடிகிறது, நிலம் ஆடுகிறது, எல்லோரும் லயத்தை விட்டு வெளியே ஓடி வருகிறார்கள். அலையை இரண்டே வரியில் எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. அம்மா மகளை இழுத்து அணைக்கிறாள். மகள் கோபம் தீராமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வலையில் ஏற்றும் முன் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். அழுகிற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா இது பாப்பா அழுவுற அழுகை. அவ அழ மாட்டா."

"பின்னே என்ன செய்வா அக்கா?"

"வேணாம்னு சொன்னா 'சரிம்மா'ம்பா. அம்புட்டு பவ்வியமாச் சொல்லுவா. அவ அப்டிச் சொன்னாலே போகப்போறான்னு அர்த்தம். நாம அசந்த நேரம் பாத்துப் பின்வாசல் வழியாப் போயிருவா. எத்தனை வாட்டி அடிச்சிருக்கேன், கேக்கவா செஞ்சா." சொல்லும்போது லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு கீரையிலிருந்த கை நின்றது. "நான் வேணாம்னு சொல்லியிருந்தாலும் போயிருப்பா."

இதை என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. அப்படியானால் உங்கள் மேல் தப்பில்லையே அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, சொல்லவில்லை. அவர் முகத்தில் நிம்மதி இல்லை. அதுவரை அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அவரிடம் ஒரு வழியாவது இருந்தது. வேண்டாம் என்ற ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொல்லாமல் விட்டதற்காக ஒவ்வொரு நாளும் தன்னைத் திட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு நாளும் மனதுக்குள் அதைச் சொல்லியும் பார்க்கலாம், அவள் வீட்டிலேயே இருந்துவிடுவாள். என் கதை அந்த வழியைப் பறித்துக்கொண்டுவிட்டதா, இல்லை ஒரு பாரத்தை இறக்கி வைத்ததா? எத்தனையோ தடவை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டில் இணையம் அறுந்து கிடந்ததால் அபர்டீன் பஜாரில் ஒரு நெட் கடைக்குப் போய் அந்த அத்தியாயத்தை அப்படியே ஏற்றினேன். சினிமாத்தனம் என்று ஒருவர் எழுதினார். நம்பும்படி இல்லை, இவ்வளவு தூரம் கூட்டி வந்து ஏமாற்றிவிட்டீர்கள் என்று இன்னொருவர். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. திருத்தி எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்கா சொன்ன பிறகு எனக்கும் ரஞ்சனியைத் தெரிந்துவிட்டது. உண்மையாக எழுதினால் அவள் சரிம்மா என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போயாக வேண்டும். ஒரு வரி எழுதுவேன், அழிப்பேன்.

சில மாதங்களில் அக்காவும் அவர் கணவரும் கச்சாலுக்கே திரும்பிப் போனார்கள். வழியனுப்பக் கப்பல்துறைக்கு மகளோடு போயிருந்தேன். கூட்டம், மூட்டைகள், கோழிக்கூடுகள். அக்கா மகளின் கன்னத்தை வழித்து முத்தம் வைத்துவிட்டு, என் காதருகே குனிந்து சொன்னார்:

"அந்த அத்தியாயத்தைத் தொடாதீங்க தங்கச்சி. அழுதுக்கிட்டே கிடக்கட்டும்."

தொடவில்லை. அதற்குப் பிறகு அந்த வலைப்பூவில் எதுவும் எழுதவும் இல்லை. அங்கே ரஞ்சனி இன்னும் அம்மாவிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் அக்கா காலி செய்த கீழ் வீட்டுக்கு மாறி வந்துவிட்டோம். மகளுக்கு மாடிப்படி ஆபத்து என்று அப்போது நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கீழ் வீட்டுக்குப் பின்வாசல் உண்டு என்பது என் நினைவில் வரவில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. அழுகையெல்லாம் நின்றுவிட்டது. நேற்று விடுமுறை. தண்ணீர் வற்றியிருக்கிறது, பாறைப் பக்கம் நண்டு பார்க்க எல்லோரும் போகிறார்கள், நானும் போகட்டுமா என்று வந்து கேட்டாள். குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றேன்.

"சரிம்மா" என்றாள்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் எனக்குப் பின்னால், சத்தமில்லாமல் செருப்பை எடுக்க முயல்கிற சத்தம் கேட்டது.