சொல்லமாட்டேன் என்று சொல்லும் உத்தி

இன்னும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

என் மகள் லத்தீன் படிக்கிறாள். பினாங்கில் அதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. தினமும் கல்லூரி விட்டு வந்ததும் இணையத்தில் ஓர் ஆசிரியையிடம் கற்றாள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று இடம் கொடுத்துவிட்டது. எங்கள் சங்கத்தின் கல்வி நிதி கிடைத்தால்தான் போக முடியும். அந்த நேர்காணலில் பெற்றோரும் கூட உட்கார வேண்டும் என்பது எங்களவர் வழக்கம். படிக்கப் போவது பிள்ளை, விசாரிக்கப்படுவது பெற்றவர்கள்.

அவள் எழுதிய கட்டுரை ஒன்றையும் கேட்டிருந்தார்கள். ரோமாபுரி நீதிமன்றப் பேச்சு ஒன்றின் உரைநடையை அலசியிருந்தாள். வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போய் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்துக் கேட்பவரைக் காக்க வைப்பது. மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கி மூன்றாவதைப் பெரிதாக்குவது. ‘அவனுடைய குடிப்பழக்கத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை’ என்று சொல்லியே குடியை எல்லாருக்கும் நினைவூட்டுவது. நேர்காணலுக்கு முந்தின நாள் சமையலறையில் எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் உத்தி எனக்கு வியப்பாக இல்லை. தமிழில் வினைக்காகக் காத்திருந்து பழகியவர்கள்தானே நாம். கடைசி உத்தியைக் கேட்டு இருவரும் சிரித்தோம்.

செபராங் ஜெயாவில் சங்க அலுவலகம். தலைவர் ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். கட்டுரையைத் திறக்கவே இல்லை. மகளைப் பார்க்காமல் என்னிடம் பேசினார்.

“தங்கச்சி, லத்தீன் சோறு போடுமான்னு நான் கேக்கல. வீட்டுக்காரர் உங்கள விட்டுட்டுப் போனதப் பத்தியும் பேசமாட்டேன். அப்பா இல்லாம வளந்த பொண்ணு, தனியா வெளிநாட்டுக்குப் போயி என்னென்ன பண்ணுமோன்னு நாலு பேரு பேசுறாங்க லா, அத நான் வாயால சொல்லவே மாட்டேன்.”

மகள்தான் பேசினாள்.

“அங்கிள், நீங்க இப்ப செஞ்சதுதான் என் கட்டுரையே. மூணு தடவ சொல்லமாட்டேன்னு சொன்னீங்க. மூணாவதுதான் ரொம்ப நீளம். அழகா வந்துச்சு.”

பக்கத்தில் இருந்த பொருளாளர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். தலைவருக்குக் காது சிவந்தது.

“இந்தப் பொண்ணுக்கு வாய் நீளம்.”

“வாயில்ல, வாக்கியம் அங்கிள்.”

மறுநாள் பொருளாளர் தொலைபேசியில் அழைத்தார். “அக்கா, ஒரு சாரி போதும். பொண்ணக் கூட்டிக்கிட்டுத் தலைவர் வீட்டுக்கு வாங்க. கையெழுத்துப் போட்டுருவாரு.”

லத்தீன் வீண் என்று அவர் மறுத்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். இவர்களோ மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார்கள். என் வீட்டை நடுக்கூடத்தில் கொட்டிக் கிளறிய அந்த மனிதரை யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? அவர்தான் எதுவுமே சொல்லவில்லையே! அடுத்து வரும் பெண்ணிடமும், அவள் தாயிடமும் இப்படித்தான் எதுவும் சொல்லாமல் இருப்பார்.

“போலாம்மா. சொல்லிட்டு வந்துரலாம்,” என்றாள் அருகில் நின்று கேட்ட மகள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். முந்தின நாள் அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து பேசியவள். அவள் அப்படித் தலை குனிந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

“வரமாட்டோம்,” என்று பொருளாளரிடம் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்குகிறது. பணத்துக்கு வழி தெரியவில்லை. ‘வரமாட்டோம்’ என்ற அந்த ஒரு சொல்லை அவளுக்காகச் சொன்னேனா, என் கோபத்துக்காகச் சொன்னேனா? அவள் இன்னும் அதைக் கேட்கவில்லை.